ஒரு ம் போய்ச் சேரும் நேரம்

கிட்ட வந்து உக்காருங்க. இன்னும் கொஞ்சம் கிட்ட. இந்தக் காத்து நான் சொல்றதில் பாதியைத் தூக்கிக்கொண்டு போய்விடும். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கதை கேட்கிறவர்கள் ம் கொட்டுவார்கள், கொட்டாவிட்டால் சொல்கிற ஆளுக்குக் கோபம் வரும், அதெல்லாம் வழக்கம்தான். இந்தக் கதைக்கு மட்டும் ம் வேண்டாம். தலையை ஆட்டினால் போதும். ஒரு ம் எங்கே கிளம்பி எங்கே போய் விழும் என்று யாருக்கும் தெரியாது, அதனால் சொல்கிறேன்.

ஆடிக் காத்து அடித்த ஒரு வியாழக்கிழமை, காலை பதினோரு மணி. தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகெல்லாம் கட்டிக் கிடந்தன. சங்கத்துக் கட்டடத்தில் இருபது இருபத்தைந்து படகு டிரைவர்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். கடைசி வரிசையில் சுவரோடு சுவராகச் சந்தியாகு. அறுபத்திரண்டு வயது. படகுக்காரர் இல்லை, சரக்குக் கப்பல் இன்ஜின் ரூமில் மோட்டார்மேனாக உலகமெல்லாம் சுற்றி, முட்டி தேய்ந்து வீட்டோடு வந்து சேர்ந்தவர். அவருக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது. வரச்சொன்னது தங்கச்சி பெபியானா. அதோ முன்னால், கரும்பலகைக்குப் பக்கத்தில், சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நிற்கிறாளே, அவள்தான். ஐஸ் கம்பெனிக்காரி. புருசன் லியோன் இறந்த பிறகு எட்டு வருசமாகக் கம்பெனியை அவள்தான் ஓட்டுகிறாள். நேற்று போனில், "அண்ணே, நாளைக்கிச் சங்கத்துக்கு வா. நான் ஒரு கணக்கு போடப் போறேன். அதை நீ பாக்கணும்" என்றாள். என்ன கணக்கு என்று கேட்டதற்கு, "வந்து பாரு" என்று வைத்துவிட்டாள். கிளம்பும்போது பெண்சாதி ரெஜினா, "போயி சும்மா உக்காந்துட்டு வாங்க. அவ கூட்டத்துல நீங்க வாயைத் திறந்து வைக்காதீங்க" என்றாள். வாயைத் திறக்காமல் இருப்பதைச் சந்தியாகுவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதில்தான் அவருக்குக் கை தேர்ந்த பழக்கம்.

விசயம் இதுதான். சங்கத்துக்கு அஞ்சு செயற்கைக்கோள் போன் வந்திருந்தது, ஆழ்கடலுக்குப் போகிற படகுக்காக. அதில் ஒன்றை வாங்கிக்கொண்டு போன சூசை போன வாரம் ஒரு கூத்துப் பண்ணிவிட்டான். கரையிலிருந்து முதலாளி, "மடி வளைச்சாச்சுல?" என்று கேட்டுவிட்டு, அந்த மூச்சிலேயே "கரைக்கு வாறியா?" என்றாராம். சூசை வலை வளைத்ததற்கு ம் சொன்னான். அது கரைக்கு வருகிறேன் என்கிற ம்மாகப் போய் விழுந்தது. முதலாளி ஆளைக் கூட்டிக்கொண்டு படகுத்துறைப் பாலத்தில் நாள் முழுக்க நின்றார். பெபியானாவின் ஐஸ் வண்டியும் நின்றது. ஐஸ் தண்ணியாக ஓடினது. சூசை மறுநாள்தான் வந்தான். "அக்கா, நான் வாறேன்னு சொல்லவே இல்லக்கா, சத்தியமா!" என்றவனை முதலாளி அடிக்கப் பாய்ந்தபோது பெபியானாதான் நடுவில் புகுந்தாளாம். புகுந்தவள் சூசை கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாளாம், எங்கேயோ பார்த்துக்கொண்டு. சூசைதான் வாசலில் வைத்துச் சந்தியாகுவிடம் இதைச் சொன்னான். கேட்ட பிறகுதான் சந்தியாகு முன்வரிசையை விட்டுவிட்டுக் கடைசி வரிசைக்குப் போனார்.

"கோள் எம்புட்டு உசரத்துல இருக்கு தெரியுமா?" என்று அவள் ஆரம்பித்தாள். கரும்பலகை மாதா கோயில் ஞாயிறு வகுப்பிலிருந்து வந்தது; மேல் ஓரத்தில் சப்பரத் தேதி பாதி அழிந்து கிடந்தது. அதற்குக் கீழே கடல் ஒரு கோடு, கரை ஒரு கோடு, நடுவே மேலே ஒரு புள்ளி. "முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர். பூமியோட சேந்து சுத்துறதால நமக்கு அசையாம நிக்கிற மாதிரித் தெரியும். நீ படகுல பேசுனா உன் பேச்சு முப்பத்தாறாயிரம் ஏறி முப்பத்தாறாயிரம் எறங்கணும். மொத்தம்?" "எழுபத்தி ரெண்டு" என்றார் ஒருவர். "எழுபத்தி ரெண்டு மீனா? எழுபத்திரண்டாயிரம்." சிரிப்பு. சுண்ணாம்புக்கட்டி பலகையில் கிறீச்சிட்டது, அந்தச் சத்தம் சந்தியாகுவின் பல்லுக்குள் போனது, அவள் எட்டாம் வகுப்பில் வீட்டுக் கதவுக்குப் பின்னால் எழுதி எழுதி அழிப்பாளே அதே சத்தம், கதவெல்லாம் வெள்ளை, அம்மா ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே இவளைப் பெத்தேனா கரும்பலகையப் பெத்தேனா என்பாள், இவள் துடைத்த ஈரத்தின் மேலேயே அடுத்த கணக்கை ஆரம்பிப்பாள், ஈரத்தில் எழுதினது முதலில் தெரியாது, காயக் காயத்தான் வெள்ளையாக எழும்பி வரும், அப்படித்தான் சில காரியம், காய்வதற்கு முப்பது வருசம் எடுத்துக்கொள்கிறது. ஊரில் கணக்கில் பட்டம் வாங்கின முதல் பொண்ணு அவள். மேற்படிப்புக்குச் சென்னையில் இடம் கிடைத்து வந்த கடிதத்தை அவரிடம்தான் முதலில் காட்டினாள். அப்பா இல்லாத வீடு, அவர்தான் மூத்த ஆள், அவர் வாக்குத்தான் வாக்கு. மறுநாள் கப்பலுக்குக் கிளம்புகிறார். ரயில் சன்னலைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். "யண்ணே, சித்தப்பா மாப்பிள்ள கீப்பிள்ளன்னு ஆரம்பிச்சா?" "என்னைக் கேக்காம ஒண்ணும் செய்ய மாட்டாரு." "உன்னைக் கேட்டா?" "வேண்டாம்னு சொல்லிருவேன்ட்டீ. நீ படி." ரயில் வேகம் எடுத்தபோது கையை விட்டாள். விட்ட கையை அப்படியே நீட்டிக்கொண்டு நின்றாள். அந்தக் கையைத்தான் அவர் எல்லாத் துறைமுகத்துக்கும் கொண்டுபோனார்.

"வெளிச்சம் ஒரு நொடிக்கு மூணு லட்சம் கிலோமீட்டர் ஓடும். நம்ம பேச்சும் அதே ஓட்டந்தான். எழுபத்திரண்டாயிரத்தை மூணு லட்சத்தால வகுத்தா?" அவளே எழுதினாள். புள்ளி இரண்டு நாலு. "கால் நொடி, கொஞ்சம் கொறச்சல். இது போக மட்டும். பதில் வர இன்னொரு கால் நொடி. ஆக அரை நொடி." டிலைட்டன் என்கிற கறுத்த ஆள் எழுந்து, "எக்கா, எம் பொண்டாட்டி நான் வாயத் தொறக்க முன்னாடியே பதில் சொல்லிருவா. அவளுக்கு எந்தக் கோளுக்கா?" என்றான். "அவளுக்குச் சனிக்கோளுல!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. கட்டடமே சிரித்தது, பெபியானாவும் சிரித்தாள், சந்தியாகு மட்டும் புள்ளி இரண்டு நாலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அரை நொடி. இவ்வளவுதானா அது? இமை மூடித் திறக்கிற நேரம். அந்தக் காலத்துக் கப்பல் போனும் இதே மாதிரிக் கோள் வழிதான்; கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்த கோவாக்காரன் குட்டீனோ அன்றைக்கே படித்துப் படித்துச் சொன்னான், சாந்தியாகோ, அவங்க பேசி முடிச்ச உடனே பேசாதே, மனசுக்குள்ள மரியேன்னு ஒரு தடவை சொல்லு, அப்புறம் வாயைத் திற. அவர் அப்படித்தான் செய்தார், ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு மரியே. ஆனால் ம்முக்கு யார் மரியே சொல்வார்கள்? ம் ஒரு பேச்சா? வாயே திறக்காமல் வருவது அது, மூச்சு மாதிரி, விக்கல் மாதிரி, எதிராளி பேசுகிறான், நாம் செத்துப் போகவில்லை, கேட்டுக்கொண்டிருக்கிறோம், அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். மொம்பாசா துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்ற கப்பல். இன்ஜின் நிறுத்தி ரேடியோ ரூமில் மின்விசிறிச் சத்தம் மட்டும். எதிர்ச் சுவரில் வட்டக் கடிகாரம், அதில் கால் மணியிலும் முக்கால் மணியிலும் சிவப்பாக மூன்று மூன்று நிமிசம் பூசியிருக்கும். முள் அந்தச் சிவப்புக்குள் இருக்கும்போது ரேடியோவில் யாரும் பேசக் கூடாது, கடலில் எங்கேயாவது யாராவது காப்பாற்றுங்கள் என்று கூப்பிட்டால் காதில் விழணும், அதற்காக எல்லோரும் வாயை மூடிக்கொண்டு கேட்கிற நேரம் அது என்று குட்டீனோ சொல்லியிருக்கிறான். அன்றைக்கு முள் பன்னிரண்டாவது நிமிசத்தில் இருந்தது. குரூஸ் சித்தப்பா குரல், தகரத்துக்குள்ளிருந்து வருகிற மாதிரி. அம்மாவுக்குத் தேவலை. ம். மழை நல்லா பெஞ்சுது. ம். லியோன் வீட்டுக்காரங்க வந்துட்டுப் போனாங்க. ம். அந்த ம் வாயை விட்டுப் போன பிறகுதான் காதில் விழுந்தது அடுத்தது: முடிச்சிருவமா?

அவர் நாற்காலிக் கால் தரையில் உராய்ந்தது. எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். என்ன? "எங்கண்ணன் கப்பல்ல இருந்தவரு, அவருக்குத் தெரியும். கப்பல் போன்லயும் இப்படித்தானேண்ணே?" பெபியானா இங்கேதான் பார்க்கிறாள். தொண்டை வரைக்கும் ஒரு ம் வந்தது. விழுங்கினார். தலையை மட்டும் ஆட்டினார். முப்பது வருசமாக அவர் ம் சொன்னதில்லை. யாரும் கவனித்திருக்க மாட்டார்கள் என்று நினைத்திருந்தார், ஒரு மனுசன் என்ன சொல்கிறான் என்று பார்ப்பார்கள், சொல்லாமல் விட்ட ஒற்றை எழுத்தை யார் தேடப் போகிறார்கள்? பேத்தி கதை சொல்ல வருவாள், ரெண்டு வரி சொல்லிவிட்டு, தாத்தா கேக்கவே மாட்டேங்கிறீங்க என்று அழுதுகொண்டு போவாள். ரெஜினா, நான் பேசுறது மனுசன்கிட்டயா செவுருகிட்டயா என்பாள். தலையாட்டினால் இருட்டில் தெரியாது, போனில் தெரியாது. அதனாலேயே எல்லாவற்றுக்கும் முழுசாய்ப் பதில் சொல்லப் பழகிக்கொண்டார், கேட்டுட்டேன், தெரியுது, சொல்லு. தப்புச் செய்த கையை வெட்டிக்கொண்ட மாதிரி என்று சில நேரம் தனக்குத்தானே பெருமைகூடப் பட்டுக்கொண்டார். பெருமை! தப்புச் செய்தது அந்தக் கையா?

"இப்ப நேரம் எடுப்போம்" என்றாள் பெபியானா. "டிலைட்டா, உன் போன்ல ஸ்டாப் வாட்ச் எடு. சூசை, நான் சொல்ற வார்த்தைய நீ சாதாரணமாப் பேசுற வேகத்துல சொல்லணும். எம்புட்டு நேரம் ஆகுதுன்னு பாப்போம்." கரைக்கு வாறியா என்று சொல்லச் சொல்வாள். அதைத்தானே சொல்லணும், சூசை மாட்டிக்கொண்ட வார்த்தை அதுதானே. சந்தியாகு சுவரில் முதுகை அழுத்திக்கொண்டார். சுண்ணாம்பு சட்டையில் ஒட்டும், ரெஜினா திட்டுவாள். பெபியானா சூசையைப் பார்க்காமல், கடைசி வரிசையையும் பார்க்காமல், கையிலிருந்த சுண்ணாம்புக்கட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "முடிச்சிருவமா."

"என்னத்தக்கா முடிக்க?" "சொல்லுல சும்மா." "முடிச்சிருவமா?" என்றான் சூசை, பொண்ணு வீட்டு ஆள் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. எல்லோரும் கைதட்டினார்கள். "புள்ளி ஆறு ஒம்பது" என்றான் டிலைட்டன். இன்னொரு தடவை. புள்ளி ஏழு. அவள் எழுதினாள். கோள் வழியாகப் போக வர புள்ளி நாலு எட்டு, கேட்டவன் ம் சொல்ல எடுக்கிற நேரம் புள்ளி இரண்டு, கூட்டினால் கிட்டத்தட்ட அதே புள்ளி ஏழு. "பாத்தீங்களா? முந்தின பேச்சுக்குச் சொன்ன ம், அடுத்த கேள்வி முடியிற எடத்துல அச்சா வந்து உக்காருது. அதனால இந்த போன்ல ம் சொல்லாதீங்க. 'கேட்டுட்டேன்'னு சொல்லுங்க, இல்ல 'வேண்டாம்'னு சொல்லுங்க. முழு வார்த்தையாச் சொல்லுங்க." வேண்டாம்னு சொல்லுங்க. வெளியே டீக்காரர் மணி அடித்தார். எல்லோரும் எழுந்து, ஒருத்தனை ஒருத்தன் முடிச்சிருவமா முடிச்சிருவமா என்று இடித்துக்கொண்டு வெளியே போனார்கள். மின்விசிறி சுற்றியது. ரேடியோ ரூமில் கேட்ட அதே சத்தம்.

"அண்ணே, முன்னாடி வா."

போனார். முட்டி ஒவ்வொரு அடிக்கும் சத்தம் போட்டது. முதல் வரிசையில் உட்கார்ந்தார். அவள் பலகைப் பக்கம் நின்றபடியே பேசினாள். "அன்னைக்கி நான் சித்தப்பா தோளோட ஒட்டி நின்னேன். போனுக்குள்ளேருந்து எனக்கும் கேட்டுச்சு. முடிச்சிருவமான்னாரு. ஒடனே ம்னு வந்துச்சு. ஒரு மூச்சுகூட நிக்கல. நீ சரின்னது எனக்குப் பெருசில்லண்ணே. வீட்டு நெலம, நாலு பேரு சொன்னா சரிங்கிறதுதான். ஆனா யோசிக்கவே இல்லையே, எனக்காக ஒரு மூச்சு நேரம் யோசிக்கல பாத்தியா, அதுதான். எனக்கு அதுதான் ஆறல." சிரித்தாள். "லியோன் நல்ல மனுசந்தான். காலண்டர் தாளுக்குப் பின்னாடி நான் கணக்குப் போட்டா, சோத்த வடிச்சிட்டுப் போடுட்டீன்னுவாரு, அவ்வளவுதான். இருந்தாலும் முப்பது வருசமா உன்னைப் பாக்கும்போதெல்லாம் அந்த ம் கேக்கும். நீ அதுக்கப்புறம் ம்னு சொல்றதே இல்லங்கிறதையும் நான் பாத்துக்கிட்டுத்தான் வந்தேன். ஏன்னு புரியல. போன வாரம் இந்தச் சூசைப்பய வாறேன்னு சொல்லலக்கான்னு அழுதப்பதான் வெளங்குச்சு. ராத்திரியெல்லாம் கணக்குப் போட்டேன். அது எனக்குச் சொன்ன ம் இல்லண்ணே. வந்துட்டுப் போனாங்கன்னதுக்குச் சொன்ன ம். உம் மேல தப்பே இல்ல. தப்பு இந்த அரை நொடியில இருக்கு." கரும்பலகையில் புள்ளி நாலு எட்டைச் சுற்றி வட்டம் போட்டாள். திரும்பினபோது அவள் முகம் ரயில் சன்னலைப் பிடித்துக்கொண்டு வந்த முகமாக இருந்தது.

தலையாட்டினால் போதும். ரெஜினா சொன்ன மாதிரி வாயைத் திறக்காமல் தலையை ஆட்டினால், தங்கச்சியே கணக்குப் போட்டுக் கையில் கொடுத்த விடுதலை, சுண்ணாம்பால் எழுதின விடுதலை. அதில் பொய்யும் இல்லை, அவள் போட்ட கணக்கு சரி, ஒரு இழை பிசகு இல்லை, அந்த ம் தவறித்தான் விழுந்தது. முப்பது வருசம் இதைத்தானே தனக்குள் சொல்லிச் சொல்லி மனப்பாடம் பண்ணியிருந்தார், போன் தாமதம், நான் சொல்லவில்லை, சத்தியமாகச் சொல்லவில்லை, சூசை சொன்ன மாதிரியே. ஆனால் அந்த ம் போய் விழுந்த பிறகு சித்தப்பா, அண்ணன் சரின்னுட்டான் என்று கத்தினது கேட்டது. வீட்டில் சிரிப்புக் கேட்டது. அம்மா போனை வாங்கினாள். நீ நல்லா இருப்ப ராசா, அப்பா இருந்தாக்கூட இப்படிச் சட்டுன்னு சொல்லிருக்க மாட்டாரு என்று அழுதாள், பாத்திரம் பண்டம் எல்லாம் சொன்னாள், அவர் வாயைத் திறந்தார், வேண்டாம் என்கிற வார்த்தை நாக்கு வரை வந்து நின்றது, மரியே என்று மனசுக்குள் சொன்னார், இன்னொரு மரியே, முள் சிவப்புக்குள் நுழைந்தது, பதினைந்து, பதினாறு, யாரும் பேசக் கூடாத நேரம், அப்போதுதான் ரெஜினா நினைப்பு வந்தது. தங்கச்சியைக் கரையேற்றாமல் அண்ணன் கல்யாணம் பண்ணக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள். ரெஜினா நாலு வருசமாகக் காத்திருந்தாள். பெபி சென்னைக்குப் போனால் இன்னும் ரெண்டு வருசம், அப்புறம் வேலை, அப்புறம். பதினேழு. திறந்த வாய் மெதுவாக மூடியது. முள் சிவப்பை விட்டு வெளியே வந்தபோது அம்மா, வச்சிருதேன் ராசா என்றாள். அவர், வையுங்கம்மா என்றார். பெபி கல்யாணம் தை மாசம். அவருக்கும் ரெஜினாவுக்கும் வைகாசி.

வெளியே டிலைட்டன் எதற்கோ சிரித்தான். பெபியானா கையிலிருந்த சுண்ணாம்புப் பொடியைத் தட்டினாள். "என்னண்ணே? இப்ப நிம்மதியா இருக்கா?"

"பெபி" என்றார். மறுபடியும், "பெபி, அந்த ம் தப்பா விழுந்தது எனக்கு அங்கயே தெரியும்ட்டீ."

அவள் கை நின்றது.

"அதுக்கப்புறம் அம்மா ஆறு நிமிசம் பேசுனா. நான் கடிகாரத்தப் பாத்துக்கிட்டே இருந்தேன். வேண்டாம்னு சொல்ல எனக்கு ஆறு நிமிசம் இருந்துச்சு. கப்பல் அங்கனயே பதினோரு நாள் நின்னுச்சு. மறுபடி கூப்பிட்டிருக்கலாம். நான் கூப்பிடல. ஏன்னா..." சிவப்புக்குள் நுழைந்த முள், ரெஜினா, நீட்டின கை, எதை முதலில் சொல்வது?

பெபியானா கரும்பலகைப் பக்கம் திரும்பி, வட்டம் போட்ட புள்ளி நாலு எட்டை உள்ளங்கையால் தேய்த்து அழித்தாள். அப்புறம் ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து, அண்ணனுக்கு எதிரே, முட்டியும் முட்டியும் இடிக்கிற கிட்டத்தில் போட்டு உட்கார்ந்தாள். அவர் வாயையே பார்த்துக்கொண்டு, "ம்" என்றாள்.